கேளுங்கள், சொல்கிறோம்: கணினி, பொறியியல் ஆய்வில் எது நேர்மை?

கணினி, பொறியியல் ஆய்வில் இருக்கும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகள் சிலவற்றை இந்த முறை எடுத்துக்கொண்டோம். ஏமாற்றுவதற்கு வழி கேட்டவர் யாருமில்லை. 'தெரியாமல் தப்பு செய்துவிடுவோமோ' என்ற பயம்தான் எல்லாக் கடிதங்களிலும். அதனால் உபதேசத்தைக் குறைத்துக்கொண்டு, எங்கெங்கே கை வைத்துப் பார்க்க வேண்டும் என்பதைச் சொல்லியிருக்கிறோம்.

கேள்வி: மார்பு எக்ஸ்ரேக்களைப் பார்த்து நோயைச் சொல்லும் கணினி மாடல் ஒன்றைப் பயிற்றுவித்தேன். சோதனையில் 97 சதவீதம் சரியாகச் சொல்கிறது. என் ஆய்வு வழிகாட்டியான கைடோ, "இவ்வளவு வராது, எங்கேயோ ஓட்டை இருக்கிறது" என்கிறார். நான் எந்த எண்ணையும் தொடவில்லை. அவரை எப்படி நம்பவைப்பது?

முதலில் நீங்களே நம்பாதீர்கள். 97 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் இன்னொரு எண்ணை எழுதுங்கள்: சோதனைத் தொகுப்பில் நோயில்லாதவர் எத்தனை சதவீதம்? அது 95 என்றால், எந்தப் படத்தையும் பார்க்காமல் எல்லோருக்கும் 'நோயில்லை' என்று சொல்லும் நிரலுக்கே 95 கிடைத்துவிடும். நோயுள்ளவர்களில் எத்தனை பேரைப் பிடித்தது, இல்லாதவர்களில் எத்தனை பேரைத் தவறாகச் சேர்த்தது என்று தனித்தனியாகச் சொன்னால்தான் பேச்சு ஆரம்பமாகும்.

அடுத்தது, தரவைப் பிரித்த விதம். படவாரியாகப் பிரித்தீர்களா, நோயாளிவாரியாகவா? ஒவ்வொருவருக்கும் ஐந்து படங்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். எல்லாப் படங்களையும் குலுக்கி, பயிற்சிக்கு 80, சோதனைக்கு 20 சதவீதம் என்று பிரிக்கிறீர்கள். சோதனைப் பக்கம் வந்த ஒரு படத்தை எடுத்துக்கொண்டால், அதே ஆளின் மற்ற நான்கு படங்களும் பயிற்சிப் பக்கம் போகாமல் தப்ப வாய்ப்பு 0.2ஐ நான்கு முறை பெருக்கியது, அதாவது 0.0016. கிட்டத்தட்ட எல்லாச் சோதனைப் படத்துக்கும் பயிற்சிப் பக்கத்தில் ஓர் உறவுப் படம் இருக்கும். அப்புறம் மாடல் எதற்கு நோயைக் கற்க வேண்டும்? விலா எலும்பின் வளைவையும் நெஞ்சில் பொருத்தியிருக்கும் பேஸ்மேக்கரையும் வைத்து ஆளை அடையாளம் கண்டு, ஏற்கெனவே பார்த்த விடையைச் சொல்லிவிட்டுப் போகும்.

இதில் பெரிய குழுக்களும் வழுக்கியிருக்கின்றன. 2017ல் ஸ்டான்ஃபோர்டிலிருந்து வந்த செக்ஸ்நெட் (CheXNet) என்ற எக்ஸ்ரே மாடல் பற்றிய கட்டுரையின் முதல் வடிவத்தில், 30,805 பேரின் 1,12,120 எக்ஸ்ரேக்கள் இப்படித்தான் படவாரியாகப் பிரிக்கப்பட்டிருந்தன. வெளியிலிருந்து சுட்டிக்காட்டியதும் நோயாளிவாரியாகப் பிரித்து, மறுபடி பயிற்றுவித்து, புதிய எண்களோடு திருத்திய வடிவத்தை வெளியிட்டார்கள். 2023ல் ஆய்வாளர்கள் கபூர், நாராயணன் இருவரும் தொகுத்த பட்டியலில், 17 துறைகளைச் சேர்ந்த 294 கட்டுரைகள் ஏதோ ஒரு வகைத் தரவுக் கசிவால், அதாவது சோதனைப் பக்கத்துத் தகவல் பயிற்சிக்குள் நுழைந்துவிட்டதால், பாதிக்கப்பட்டிருந்தன. ஆகவே வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை. தெரிந்த பிறகும் பழைய எண்ணையே சொல்லிக்கொண்டிருப்பதுதான் பிரச்சினை.

நோயாளிவாரியாகப் பிரித்த பிறகும் கசிய வழிகள் உண்டு. சராசரியும் திட்ட விலக்கமும் கணக்கிட்டு மதிப்புகளைச் சீராக்குகிறீர்கள் அல்லவா, அந்தச் சராசரியைப் பயிற்சித் தொகுப்பிலிருந்து மட்டும் எடுங்கள். நோயுள்ள படங்கள் குறைவு என்று நகலெடுத்துப் பெருக்கினால், பிரித்த பிறகே பெருக்குங்கள். முன்பே பெருக்கினால் ஒரே படம் இரண்டு பக்கமும் உட்கார்ந்துகொள்ளும். அட்டவணைத் தரவில் ஆயிரக்கணக்கான பத்திகளிலிருந்து (நெடுவரிசைகளிலிருந்து) 'பயனுள்ள' பத்திகளைத் தேர்வதும் பயிற்சிப் பக்கத்துக்குள்ளேயே நடக்க வேண்டும். முழுத் தரவையும் பார்த்துத் தேர்ந்துவிட்டுப் பிறகு பிரித்தால், வெறும் இரைச்சலிலிருந்துகூட அழகான துல்லியம் வரும்.

படத்தின் மூலையையும் பாருங்கள். இடம், வலம் காட்ட வைக்கும் உலோகக் குறி ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி வேறு. ஓர் ஆஸ்பத்திரியில் நோயாளிகள் அதிகமென்றால் மாடல் அந்தக் குறியைப் படித்துக்கொள்ளும். நுரையீரல் பகுதியை முழுக்கக் கறுப்பாக மறைத்துவிட்டு மாடலை ஓட்டுங்கள். துல்லியம் இறங்காவிட்டால் அது நுரையீரலைப் பார்க்கவே இல்லை.

கடைசியாக, கைடுக்குக் காட்டத்தக்க ஒரு சோதனை. 'நோய் உண்டு, இல்லை' என்று படங்களுக்குக் கொடுத்திருக்கும் விடைகளைக் குலுக்கிவிட்டு, தரவைப் பிரிப்பது முதல் மதிப்பெண் போடுவது வரை முழு வேலையையும் மறுபடி ஓட்டுங்கள். துல்லியம் குருட்டு ஊகத்தின் அளவுக்கு விழ வேண்டும். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. படவாரியாகக் குலுக்கினால் மேலே சொன்ன ஆள்கசிவு பிடிபடாது, ஏனென்றால் ஒரே ஆளின் படங்களுக்கு வெவ்வேறு விடை போய்விடும். ஆளுக்கு ஒரு பொய்விடை என்று வைத்து, அவருடைய எல்லாப் படங்களுக்கும் அதையே கொடுங்கள். அப்போதும் மாடல் 'சரியாக'ச் சொன்னால் அது ஆளைத்தான் படிக்கிறது. இந்த முடிவையும் கட்டுரையில் ஒரு வரியாகப் போடுங்கள். மதிப்பாய்வாளர் கேட்கப்போகும் முதல் கேள்வி அதுதான்.

கேள்வி: ரேண்டம் சீடை (தற்செயல் எண்களுக்கான தொடக்க எண்ணை) மாற்றி மாடலை ஐந்து முறை ஓட்டினேன். அதில் சிறந்த ஓட்டத்தின் எண்ணைக் கட்டுரையில் போடலாமா? எல்லோரும் அப்படித்தானே செய்கிறார்கள்?

போடலாம், 'ஐந்தில் சிறந்தது' என்று அதே அட்டவணையில் எழுதினால். எழுதாமல் போட்டால் அது உங்கள் முறையின் பெருமை அல்ல, சீடின் அதிர்ஷ்டம். எவ்வளவு அதிர்ஷ்டம் என்றுகூடக் கணக்கிடலாம். மணிவடிவப் பரவலில் ஐந்து எண்களை எடுத்தால் அவற்றில் பெரியது, சராசரிக்கு மேல் 1.16 திட்ட விலக்கத் தொலைவில் இருக்கும் என்று எதிர்பார்க்கலாம். இருபது எடுத்தால் 1.87. உங்கள் ஓட்டங்களின் திட்ட விலக்கம் 0.6 புள்ளி என்றால், ஒன்றுமே செய்யாமல் ஐந்து ஓட்டத்தில் 0.7 புள்ளி கைக்கு வந்துவிடும். பல கட்டுரைகள் சாதனையாகச் சொல்லும் முன்னேற்றமே அவ்வளவுதான்.

சராசரி, திட்ட விலக்கம், எத்தனை ஓட்டம் என்ற மூன்றையும் கொடுங்கள். பாதியில் நின்றுபோன ஓட்டங்களையும் எண்ணுங்கள். ஒப்பிடுவதற்கு எடுத்த பழைய முறைக்கும் அதே அளவு சீர்படுத்தும் வாய்ப்பைக் கொடுங்கள். உங்கள் முறைக்கு நூறு அமைப்புகளை முயன்றுவிட்டு, பழையதை அதன் இயல்பு அமைப்பிலேயே ஓட்டுவது ஒப்பீடு ஆகாது.

கேள்வி: கருத்துக்கணிப்புத் தரவில் பெயரை நீக்கிவிட்டோம், கைபேசி எண்ணை ஹாஷ் செய்துவிட்டோம். பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு, நோய் விவரம் இருக்கின்றன. பொதுவில் வெளியிடலாமா?

இப்படியே வெளியிடாதீர்கள். ஓர் எண்ணைப் புரியாத எழுத்துக்கோவையாக மாற்றும் கணக்கான ஹாஷிலிருந்து ஆரம்பிப்போம். பத்து இலக்க எண்கள் மொத்தமே ஆயிரம் கோடிதான். ஒரு நல்ல ஜிபியு (வரைகலைச் செயலி) ஒரு விநாடிக்கு நூறு கோடிக்கு மேல் ஷா-256 என்ற வகை ஹாஷ் கணக்குகளைப் போடும். எல்லா எண்களையும் ஹாஷ் செய்து உங்கள் பட்டியலோடு பொருத்திப் பார்க்க ஒரு தேநீர் ஆறும் நேரம்கூட வேண்டாம். 2014ல் நியூயார்க் டாக்ஸிப் பயணப் பதிவுகள் வெளியானபோது இதுதான் நடந்தது: வண்டி உரிம எண்களை எம்டி5 ஹாஷாக மாற்றியிருந்தார்கள், எண்ணின் வடிவம் தெரிந்ததால் அத்தனையும் சில மணி நேரத்தில் அவிழ்ந்துவிட்டது. ஹாஷுக்குப் பதிலாக ஒவ்வொருவருக்கும் சம்பந்தமே இல்லாத ஓர் எண்ணைக் கொடுங்கள். எந்த எண் யாருடையது என்ற பட்டியலை வேறொரு கணினியில், பூட்டி வையுங்கள். மறுபடி தொடர்புகொள்ளும் தேவை இல்லையென்றால் அழித்துவிடுங்கள்.

இன்னும் பெரிய ஆபத்து, நீங்கள் சாதாரணமாக நினைக்கும் மூன்று பத்திகளில் இருக்கிறது. அமெரிக்காவின் 1990 மக்கள்தொகைக் கணக்கை வைத்து லதான்யா ஸ்வீனி காட்டியது: பிறந்த தேதி, பாலினம், ஐந்து இலக்க அஞ்சல் குறியீடு மூன்றும் சேர்ந்தால் 87 சதவீதம் பேரைத் தனியாகப் பிரித்துவிடலாம். நெட்ஃபிளிக்ஸ் 2006ல் ஒரு போட்டிக்காகப் பெயர் நீக்கி வெளியிட்ட சுமார் 4.8 லட்சம் பேரின் பட மதிப்பீடுகளும் தாக்குப்பிடிக்கவில்லை. ஒருவர் மதிப்பிட்ட எட்டுப் படங்களும் அந்தத் தேதிகளும் தெரிந்தால், தேதி இரண்டு வாரம் முன்பின் இருந்தாலும், எட்டில் இரண்டு தவறாகவே இருந்தாலும், 99 சதவீதப் பதிவுகளைத் தனித்து அடையாளம் காண முடியும் என்று நாராயணன், ஷ்மாட்டிகோவ் இருவரும் 2008ல் நிரூபித்தார்கள். அந்த நிறுவனம் அடுத்த போட்டியை 2010ல் கைவிட்டது.

செய்ய வேண்டியது இது. பிறந்த தேதியை ஐந்து அல்லது பத்து ஆண்டு வயதுத் தொகுதியாக மாற்றுங்கள். அஞ்சல் குறியீட்டின் கடைசி இலக்கங்களை வெட்டுங்கள். பிறகு வயதுத் தொகுதி, பாலினம், பகுதி மூன்றையும் சேர்த்து வரிசைகளைக் குழுவாக்கி, மிகச் சிறிய குழுவில் எத்தனை பேர் என்று பாருங்கள். ஐந்துக்குக் கீழே எந்தக் குழு இருந்தாலும் இன்னும் அகலமாக்குங்கள், அல்லது அந்த வரிசைகளை விட்டுவிடுங்கள். ஐந்து பேர் இருந்தாலும் ஐந்து பேருக்கும் ஒரே நோய் என்றால் ரகசியம் வெளிப்பட்டதுதான்; ஆகவே ஒவ்வொரு குழுவிலும் நோய்ப் பத்தியில் வேறுபாடு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். 'வேறு கருத்துகள்' என்று திறந்து விட்ட பத்தியை முழுக்கப் படியுங்கள். ஊர்ப் பெயர், டாக்டர் பெயர், மகள் வேலை செய்யும் இடம் எல்லாம் அங்கேதான் ஒளிந்திருக்கும். புகைப்படங்கள் இருந்தால், எடுத்த இடமும் நேரமும் கோப்புக்குள்ளேயே பதிந்திருக்கும், அதையும் துடையுங்கள்.

இத்தனையும் செய்த பிறகும் ஒப்புதல் படிவத்தை எடுத்துப் பாருங்கள். 'இந்த ஆய்வுக்கு மட்டும்' என்று அதில் இருந்தால் பொதுவெளி கிடையாது. விண்ணப்பித்துக் கேட்பவருக்கு, ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுக்கும் வழிதான். அடுத்த ஆய்வின் படிவத்தில் தரவுப் பகிர்வுக்குத் தனியாக ஒரு கட்டம் வைத்து, ஆம், இல்லை என்று அவர்களே குறிக்க விடுங்கள்.

கேள்வி: ஒரு பாகத்தின் தாங்குதிறன் சோதனையில் 30 அளவீடுகளில் மூன்று விலகி நிற்கின்றன. அவற்றை நீக்கினால் வரைபடம் சுத்தமாக வருகிறது. புள்ளியியலில் இதற்கு விதி இருப்பதாகச் சொல்கிறார்கள். நீக்கலாமா?

விதி இருக்கிறது. ஷோவெனே விதிப்படி 30 அளவீடு என்றால் சராசரியிலிருந்து சுமார் 2.39 திட்ட விலக்கத்துக்கு அப்பால் இருப்பதைத் தள்ளலாம். ஆனால் அது ஒருமுறை மட்டும் போட வேண்டிய கணக்கு. தள்ளிவிட்டு, புதிய சராசரி எடுத்து, மறுபடி தள்ளிக்கொண்டே போனால் எந்தத் தரவும் ஒருநாள் சுத்தமாகிவிடும். முப்பதில் மூன்று என்பது பத்தில் ஒரு பங்கு வேறு. பத்துப் பாகங்களில் ஒன்று சீக்கிரம் உடையும் என்றால், அது அளவீட்டுக் கோளாறா, பாகத்தின் குணமா என்று கணக்கு சொல்லாது.

பதில் சோதனைக் கூடத்தில் இருக்கிறது. திரிபுமானி (பாகம் நீளுவதை அளக்க அதன்மேல் ஒட்டும் கருவி) பசை விட்டிருந்ததா? சென்சார் கம்பி மோட்டாரின் மின்கம்பிக்கு இணையாக ஓடியதா? பிடிப்பான் நழுவியதா? மூன்றும் ஒரே உருக்குத் தொகுப்பு, ஒரே நாள், ஒரே ஆபரேட்டரா? 12 பிட் கருவியில் அளவு, அது காட்டக்கூடிய உச்சமான 4095லேயே நின்றிருந்தால் அது தவறான அளவீடும் இல்லை. உண்மை மதிப்பு அதற்கு மேல் எங்கேயோ இருக்கிறது என்ற தகவல். பௌதிகக் காரணம் கிடைத்து, அது சோதனைக் குறிப்பேட்டில் அன்றைய தேதியிலேயே எழுதப்பட்டிருந்தால் நீக்கலாம். காரணம் கிடைக்காவிட்டால் வைத்துக்கொள்ளுங்கள். நீக்கியும் நீக்காமலும் இரண்டு முடிவையும் கொடுங்கள்.

'நல்ல' புள்ளிகளை விட்டுவிடுவதும் நீக்கல்தான். இதை யாரும் கவனிப்பதில்லை. 1986 ஜனவரி 28 அன்று கிளம்பியதும் சிதறிப்போன சேலஞ்சர் விண்கலத்துக்கு முந்தைய இரவு, அதன் ராக்கெட் இணைப்புகளை அடைக்கும் ரப்பர் வளையங்கள் குளிரில் தாங்குமா என்ற விவாதம் நடந்தது. சேதம் கண்ட பயணங்களை மட்டும் வைத்துப் பார்த்தால் சூட்டிலும் சேதம், குளிரிலும் சேதம். வெப்பநிலைக்கும் அதற்கும் தொடர்பே இல்லாத மாதிரி இருந்தது. விசாரணைக் குழு சேதமில்லாத பயணங்களையும் அதே படத்தில் சேர்த்தது. வளையத்தின் வெப்பநிலை 66 ஃபாரன்ஹீட்டும் அதற்கு மேலும் இருந்த 20 பயணங்களில் மூன்றில் மட்டும் சேதம். 63ம் அதற்குக் கீழும் இருந்த நான்கு பயணங்களிலும் சேதம். அன்று காலை காற்றின் வெப்பநிலை 36. எண்களை யாரும் மறைக்கவில்லை, புள்ளி வைக்காமல் விட்டார்கள், அவ்வளவுதான். பொறியாளர்கள் வேண்டாமென்று வாதிட்டும் நிர்வாகம் பறக்கச் சொன்னது தனிக்கதை.

கேள்வி: துறைத்தலைவர் பெயரையும் கட்டுரையில் சேர்க்கச் சொல்கிறார்கள். அவர் கருவி வாங்க நிதி பெற்றுத்தந்தார், அவ்வளவுதான்.

நிதி பெற்றுத்தருவது நன்றியுரையில் வரவேண்டியது. மருத்துவ இதழ் ஆசிரியர் குழுவின் விதியைப் பல துறைகள் கையாள்கின்றன: ஆய்வில் கணிசமான பங்கு, எழுதுவதிலோ திருத்துவதிலோ பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், முடிவுகளுக்குப் பொறுப்பு. நான்கும் இருந்தால்தான் கட்டுரையாசிரியர். இதைக் கடைசி நாளில் வாதிட்டு ஜெயிப்பது கடினம். வேலை ஆரம்பிக்கும்போதே யார் எதைச் செய்கிறார்கள் என்று ஒரு பக்கம் எழுதி எல்லோருக்கும் மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். பங்களிப்பு விவரம் கேட்கும் இதழைத் தேர்ந்தால் இன்னும் நல்லது. அந்தக் கட்டத்தில் 'ஒன்றுமில்லை' என்று எழுத யாருக்கும் கை வராது.

கேள்வி: மென்பொருள் திட்டங்களில் தவறான நிரலை அனுப்பினால் பிடிக்கிறார்களா என்று ஆராய நினைக்கிறோம். சோதிப்பது மென்பொருளை, மனிதரை அல்ல. நெறிக்குழு அனுமதி தேவையா?

தேவை. நீங்கள் அளக்கப்போவது நிரலைப் படிக்கும் மனிதர்களின் கவனத்தை. 2021ல் வெடித்த, மினசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கர்னலுக்கு வேண்டுமென்றே குறையுள்ள திருத்தங்களை அனுப்பிய விவகாரம் இதே கேள்விதான். மனிதர் மீதான ஆய்வு அல்ல என்று அங்குள்ள நெறிக்குழு விலக்கு அளித்திருந்தது. பராமரிப்பாளர்கள் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. அந்தப் பல்கலைக்கழகத்திலிருந்து வரும் திருத்தங்களை நிறுத்தினார்கள், பழையவற்றை ஒவ்வொன்றாக மறுபடி பார்க்க வேண்டியதாயிற்று, கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. குழுவின் கடிதம் கையில் இருந்தும் பயனில்லை.

செய்யும் வழி வேறு. திட்டத்தின் பொறுப்பாளர் ஒருவரிடமாவது முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வாங்குங்கள். நிரலைப் படிப்பவர்களுக்கு நாள் தெரிய வேண்டியதில்லை, தலைமைக்குத் தெரிந்தால் போதும். குறையுள்ள வரி பயனரைச் சென்றடையும் முன் தடுக்க யார், எந்தக் கட்டத்தில் கைதூக்குவார் என்று எழுதி வையுங்கள். முடிந்ததும் பங்கேற்றவர்களிடம் சொல்லி, தங்கள் தரவு வேண்டாம் என்பவர்களை விலக்குங்கள். இவ்வளவுக்கும் இடமில்லையென்றால், ஏற்கெனவே நடந்த பழைய திருத்தங்களின் வரலாற்றை ஆராயலாம். பொதுவில் கிடக்கிறது, யார் நேரமும் வீணாகாது.

கேள்வி: ஒரு இணையச் சேவையில் மற்றவர் பதிவுகளைப் பார்க்க முடிகிற ஓட்டையைக் கண்டேன். எழுதினேன், பதிலில்லை. வெளியே சொல்லிவிடலாமா?

இன்னும் வேண்டாம். எத்தனை பேரின் பதிவைத் திறந்தீர்கள் என்பதுதான் நாளை உங்களைக் காப்பாற்றும், அல்லது மாட்டிவிடும். நிரூபிக்க, நீங்களே உருவாக்கிய இரண்டு கணக்குகள் போதும். ஒன்றிலிருந்து மற்றதைப் பார்க்க முடிகிறது என்று காட்டுங்கள். வேறு யாருடையதையும் இறக்கி வைக்காதீர்கள். அந்தத் தளத்தில் பாதுகாப்புத் தொடர்புக்கான கோப்பு இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் உங்கள் நாட்டின் கணினி அவசரநிலைக் குழுவுக்கு எழுதுங்கள். ஓட்டையை வெளியே சொல்லும் முன், கூகுளின் பாதுகாப்பு ஆய்வுக் குழுவான பிராஜெக்ட் ஜீரோ 90 நாள் அவகாசம் கொடுக்கிறது. அமெரிக்காவின் செர்ட் ஒருங்கிணைப்பு மையம் 45 நாள். எப்போது வெளியே சொல்வீர்கள் என்ற தேதியை முதல் கடிதத்திலேயே குறிப்பிடுங்கள். பணம் கேட்கும் வரி ஒன்றுகூட அதில் இருக்கக்கூடாது. அது மிரட்டலாகப் படிக்கப்படும்.

கேள்வி: வட்டு நிறைந்துவிட்டது. கட்டுரை வெளியான பிறகு மூலத் தரவை அழிக்கலாமா? சீராக்கிய அட்டவணை இருக்கிறது.

'வட்டில் இடமில்லை, அதனால் அழித்துவிட்டேன்' என்று சொன்னவர்களில் பெயர்பெற்றவர் பெல் ஆய்வகத்தின் இயற்பியலாளர் யான் ஹென்ட்ரிக் ஷூன். வெவ்வேறு வெப்பநிலையில் எடுத்ததாகச் சொன்ன இரண்டு வரைபடங்களில் இரைச்சல்கூட அச்சு அசலாக ஒன்றாக இருந்தது. 2002ல் விசாரணைக் குழு கேட்டபோது மூலக் கோப்பும் இல்லை, குறிப்பேடும் இல்லை. 24 குற்றச்சாட்டுகளில் 16ல் முறைகேடு உறுதியானது.

நேர்மையானவருக்கும் மூலத் தரவு வேண்டும். 2006ல் புரதக் கட்டமைப்பு ஆய்வுக் குழு ஒன்று ஐந்து கட்டுரைகளைத் திரும்பப் பெற்றது. வேறொரு ஆய்வகத்திலிருந்து வந்த சிறு நிரல் இரண்டு பத்திகளை இடம் மாற்றியிருந்தது. சீராக்கிய அட்டவணை மட்டும் இருந்தால் இப்படிப்பட்ட தவறு எங்கே நுழைந்தது என்று பின்னோக்கிப் போகவே முடியாது. எக்செல் வேறு சும்மா இருப்பதில்லை: செப்ட்2 என்ற மரபணுப் பெயரைச் செப்டம்பர் 2 ஆக்கிவிடும், எண்ணின் முன்னால் உள்ள பூஜ்யத்தைத் தின்றுவிடும். 2020ல் இப்படிச் சிக்கும் மரபணுப் பெயர்களையே மாற்றிவிட்டார்கள், எக்செல்லோடு மல்லுக்கட்ட முடியாமல்.

ஆகவே கருவி கொடுத்த கோப்பை அப்படியே ஒரு கோப்புறையில் போட்டு, எழுத முடியாதபடி பூட்டுங்கள். ஒவ்வொரு கோப்புக்கும் ஷா-256 ஹாஷ் எடுத்து (கோப்பு மாறினால் அதுவும் மாறிவிடும்) ஒரு பட்டியலாக வையுங்கள். மூன்று நகல், இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறு கட்டடத்தில். இடம் வேண்டுமென்றால் இடைப்பட்ட கோப்புகளை அழியுங்கள். மூலமும் நிரலும் இருந்தால் அவற்றை மறுபடி உண்டாக்கிக்கொள்ளலாம். எவ்வளவு காலம் வைக்க வேண்டும் என்று நிதி தந்தவர்களின் ஒப்பந்தத்தில் இருக்கும். அழிக்க வேண்டிய நாள் வந்தால் யார், எதை, எப்போது அழித்தார் என்று அந்தப் பட்டியலிலேயே ஒரு வரி எழுதிவிட்டு அழியுங்கள்.